புதுத் துவக்கும் அதற்கேற்ற ரவையும்

கடையிலிருந்து பெட்டியோடு வந்திறங்கும் புதிய துவக்கு, சுடுவதற்கு ஆயத்தமான நிலையில் வருவதில்லை. துருப்பிடிக்காமல் பல மாதங்கள் களஞ்சியத்தில் கிடப்பதற்கு ஆயத்தமான நிலையில்தான் வருகிறது. தொழிற்சாலையில் குழலுக்கு உள்ளும் புறமும் பூசி அனுப்பும் எண்ணெய், உலோகத்தைக் காற்றிலிருந்தும் ஈரத்திலிருந்தும் மறைப்பதற்கானது; அசையும் பாகங்கள் தடையின்றி ஓடுவதற்கு இடும் எண்ணெய் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொண்டு, பெட்டியைத் திறந்த கையோடு ரவையை (துப்பாக்கித் தோட்டாவை) போட்டுச் சுடுகிறவர்கள் பலர். பெரும்பாலான வேளைகளில் விபரீதம் எதுவும் நிகழ்வதில்லை என்பதனால் அந்தப் பழக்கம் நிலைத்தும் விட்டது.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வசிக்கும் என் அக்காவின் மகன், முறைப்படி பாடம் படித்து, பரீட்சை எழுதி, உரிமம் பெற்று, .22 அளவிலான (குழலின் உள்ளகலம் ஏறத்தாழ 0.22 அங்குலம்) அரைத் தானியங்கித் துவக்கு ஒன்றை வாங்கினான். குடும்பத்துக் கலியாணம் ஒன்றுக்காக நான் அங்கு போயிருந்த நேரம் அது. நெடுங்காலம் லேத் பட்டறை நடத்தி, தோட்டத்து நீர்ப்பம்பிகளையும் தையல் இயந்திரங்களையும் கழற்றிப் பூட்டியவன் என்ற முறையில், மருமகன் என்னையும் மேசையருகில் இருத்திக்கொண்டான். திரும்பி வந்த பின்னர், வவுனியாப் பக்கம் வயல் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தம்முடைய பயிர்க்காவல் சொட்கனைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கும் இதே விடயங்களே பதிலாக அமைந்தன. ஆகவே எழுதி வைப்பது நல்லதென்று பட்டது.

இலங்கையில் நிலைமை வேறு. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், உரிமம் இல்லாமல் எந்தத் துவக்கையும் வைத்திருக்க முடியாது. கமக்காரருக்குக் கிடைக்கும் உரிமம் பன்றியையும் குரங்கையும் விரட்டுவதற்கான சொட்கனுக்கே, அதையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இங்கே குறிப்பிடும் அரைத் தானியங்கித் துவக்கைப் பொழுதுபோக்குக்காக வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள இங்கு வழியில்லை. முப்பதாண்டு காலம் துவக்குச் சத்தம் கேட்டு வாழ்ந்த ஊரில் அதைக் குறையென்று சொல்வாரும் அதிகம் இருக்கமாட்டார்கள். கனடாவில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் புதியவர் குறைந்தது 28 நாட்கள் காத்திருக்க வேண்டும். ரவை வாங்குவதற்கும் அந்த உரிம அட்டையைக் காட்ட வேண்டும். உரிமம் இல்லாத விருந்தாளியாகிய நான், உரிமம் உள்ளவனின் நேரடி மேற்பார்வையில் மட்டுமே அதைத் தொட்டேன்.

மருமகன் வாங்கியது ரூகர் நிறுவனத்தின் 10/22. 1964ஆம் ஆண்டு முதல் விற்பனையில் இருக்கும் இந்த வகை, வட அமெரிக்காவில் மிகப் பரவலாகக் காணப்படுவது. பெயரில் உள்ள 10 என்பது, சுழலும் அமைப்புடைய ரவைக்கூட்டில் அடங்கும் ரவைகளின் தொகை. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு வெடி. அந்த வெடியின் உந்தலாலேயே போல்ட் (குழலின் பின்முனையை மூடும் இரும்புக் கட்டை) பின்சென்று, வெற்றுக் கோதை (ரவையின் உலோக உறையை) வெளியே எறிந்து, மீண்டும் முன்வரும்போது அடுத்த ரவையை அறைக்குள் (குழலின் பின்முனையில் ரவை அமரும் இடத்துக்குள்) தள்ளுகிறது. போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் பொறி எதுவும் இதில் கிடையாது. போல்ட்டின் நிறையும் அதன் பின்னாலுள்ள சுருள்வில்லின் தள்ளுதலும் மட்டுமே, சன்னம் (ரவையின் முனையிலிருந்து பறந்து செல்லும் குண்டு) குழலை விட்டு வெளியேறும்வரை கோதை அறைக்குள் நிறுத்தி வைக்கின்றன. எண்ணெய் தடித்துப் போனாலோ அறைக்குள் அழுக்குச் சேர்ந்தாலோ இந்தத் துவக்கு உடனே முரண்டு பிடிப்பதற்கும், ரவையை மாற்றினால் அதன் நடத்தை மாறுவதற்கும் இதுவே காரணம்.

எண்ணெயைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. கடையில் வாங்கியது, பெட்டி பிரிக்கப்படாதது, உள்ளே எதுவும் இருக்க இயலாது என்றெல்லாம் எண்ணாமல், துவக்கில் ரவை இருப்பதாகவே கொள்ளவேண்டும். கனடாவில் உரிமப் பாடத்தில் கற்பிக்கும் ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது. குழல்வாயை எவருக்கும் ஆபத்தில்லாத திசையில் திருப்புவது, ரவைக்கூட்டைக் கழற்றி எல்லா ரவைகளையும் அகற்றுவது, போல்ட்டை இழுத்து அறைக்குள் கண்ணால் பார்ப்பது, ரவை வரும் வழியைச் சோதிப்பது, கடைசியாகக் குழலினூடே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது. இந்த வரிசை மாறக்கூடாது. ரவைக்கூட்டைக் கழற்றாமல் போல்ட்டை இழுத்தால், அறையில் இருந்த ரவை வெளியே வரும், கூட்டில் இருந்த அடுத்த ரவை உள்ளே போகும். வெறுமையாக்கியதாக நினைத்த துவக்கு நிரம்பியிருக்கும். வழக்கமான 10/22இல் இன்னொரு கவனமும் தேவை. கடைசி ரவை தீர்ந்த பிறகு போல்ட் பின்னால் திறந்து நிற்காது, மூடிக்கொள்ளும். மூடிய போல்ட்டை வெளியிலிருந்து பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது.

"மாமா, புதுத் துவக்குத்தானே, ஏன் கழட்டோணும்?" என்று மருமகன் கேட்டான். கையேட்டின் முதற் பக்கங்களிலேயே, சுடுவதற்கு முன்னர் துப்புரவு செய்யும்படி எழுதியிருந்தது, அதைக் காட்டினேன். கையேட்டை வாசிக்காமல் காணொளிகளைப் பார்த்துக் கழற்றும் இளைஞர்கள் மீது எனக்குள்ள எரிச்சலை இங்கே விரிக்கவில்லை. ஆனால் அந்தத் துவக்கைச் செய்தவர்களே எழுதித் தந்த தாளைவிட நம்பத்தக்கது வேறு எதுவும் இல்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

பிடங்கிலிருந்து (தோளில் வைத்துப் பிடிக்கும் மரப்பகுதியிலிருந்து) குழற்பகுதியைப் பிரிப்பதற்கு அடிப்புறத்தில் ஒரேயொரு திருகாணிதான் உண்டு. வழக்கமான மாதிரியில் குழலின் முன்புறத்தில் ஒரு வளையம் இருப்பதால், அதன் சிறு திருகாணியையும் தளர்த்த வேண்டும். அதன் பின்னரும் வெளியே வராது. பாதுகாப்புப் பொத்தான் இடமோ வலமோ முழுதாகத் தள்ளப்பட்டிருந்தால் அதன் முனை பிடங்கின் மரத்தில் இடிக்கும்; அதனை நடுவில் நிறுத்தினால்தான் மேலே தூக்கலாம். இதை அறியாமல் பலம் கொடுத்துத் தூக்கிப் பிடங்கின் உள்விளிம்பைச் சிதைத்தவர்கள் இருக்கிறார்கள். விசைக் கூட்டைப் பிடித்திருப்பவை இரண்டு குறுக்கு ஊசிகள். அவை கையால் தள்ளினாலே வழுக்கி வெளியே வரக்கூடியவை என்பதனால், மேசையில் வெள்ளைத் துணியொன்றை விரித்து வைத்துக்கொள்வது நல்லது. ஊசி உருண்டு தரையில் விழுந்தால் தேடுவது பெரும்பாடு.

போல்ட்டை வெளியே எடுத்தபோது அதன் முகத்தில், கோதைப் பற்றி இழுக்கும் கொக்கியின் அடியில், தேன்நிறத்தில் ஒட்டும் தன்மையோடு எண்ணெய் தேங்கியிருந்தது. விரல் நுனியால் தொட்டுப் பார்த்தால் நூல்போல இழுபட்டது. கரைப்பானில் நனைத்த பழைய பல்துலக்கியால் அந்த மூலையைத் தேய்த்து எடுத்த பிறகுதான், கொக்கியின் சிறு வில் துள்ளி மீள்வது கண்ணுக்குத் தெரிந்தது. கொக்கி சரியாகப் பிடிக்காவிட்டால் வெற்றுக் கோது முழுமையாக வெளியேறாமல் போல்ட்டுக்கும் அறைக்கும் நடுவே நசுங்கி நிற்கும். புதிய துவக்குகளில் முதல் நாளில் ஏற்படும் தடைகளுள் கணிசமானவை இந்த ஒட்டெண்ணெயால் வருபவை. துவக்கில் பழுதென்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிலர் துணியும் கரைப்பானும் எடுத்திருந்தாலே அந்தப் பயணம் மிஞ்சியிருக்கும்.

குழலைத் துப்புரவாக்குவதில் இந்த வகைக்கு ஒரு சங்கடம் உண்டு. பின்பக்கம் மூடிய அமைப்பு என்பதால், சாதாரணமாக அறைப் பக்கமிருந்து கம்பி விட முடியாது. குழல்வாய்ப் பக்கமிருந்து கம்பி விட்டால், சன்னம் கடைசியாகத் தொட்டு விலகும் வட்ட விளிம்பில் கம்பி உராயும். அந்த விளிம்பில் ஒரு பக்கம் தேய்ந்தாலும், பின்னால் வரும் வாயு ஒரு பக்கமாக முந்திக் கசிந்து சன்னத்தைத் தள்ளிவிடும், குறி கெடும். ஆகவே அறைப் பக்கத்தால் விட்டு வாய்ப் பக்கத்தால் இழுத்தெடுக்கும் கயிறு வகையைப் பாவித்தோம். கரைப்பானில் தோய்த்த முதற் துணி கரும்பழுப்பாக வந்தது. சுடாத துவக்கில் கரி எப்படி வந்ததென்று மருமகன் வியந்தான். அதில் தொழிற்சாலையில் சோதனைக்குச் சுட்ட மிச்சமும் இருக்கலாம், காப்பெண்ணெயில் படிந்த தூசும் இருக்கலாம். துணி ஏறக்குறைய வெள்ளையாக வரும்வரை இழுத்துவிட்டு, கடைசியில் காய்ந்த துணியொன்றையும் விட்டோம்.

எண்ணெய் இடுவதில் தாராளம் காட்டுவது நம் ஆட்களின் பொதுக் குணம். போல்ட் வழுக்கும் பக்கங்களில், சுருள்வில்லின் தண்டில், விசைப் பொறியின் உராயும் முனைகளில் ஊசிமுனை அளவு துளி போதும். அறைக்குள் எண்ணெய் இருக்கவே கூடாது. வெடிக்கும் கணத்தில் கோது விரிந்து அறைச் சுவரை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். சுவர் வழுக்கினால் அந்தத் தாக்கம் முழுவதும் போல்ட்டின் மேல் விழும். குழலுக்குள் தேங்கிய எண்ணெயும் சன்னத்துக்குத் தடையே. எண்ணெய் ரவையின் விளிம்புக்குள் கசிந்தால் தீமூட்டி (ஊசி அடித்ததும் முதலில் பற்றும் மருந்து) நனைந்து வெடிக்காமலும் போகும். தையல் இயந்திர எண்ணெய் போதாதா என்றால், யாழ்ப்பாணத்து வெப்பத்தில் போதும் என்பேன். கனடாவின் பனிக்காலத்தில் குளிரில் தடிக்காத எண்ணெய் வேண்டும். துருவை இளக்கத் தெளிக்கும் தகர எண்ணெய்கள் எதற்கும் உதவுமென்று நினைப்பவர்கள் உண்டு. அவை உலர்ந்தபின் எஞ்சும் படலம் நீண்டநாள் வழுக்கலுக்கு உரியதன்று.

கடற்காற்றில் கிடக்கும் இரும்பு என்ன பாடுபடும் என்பதை வல்வெட்டித்துறையிலும் குருநகரிலும் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. துவக்குக் குழலுக்குள் இதே உப்பு இன்னொரு வழியாலும் வந்து சேரும். பழைய இராணுவ இருப்பிலிருந்து விற்கப்படும் சில ரவைகளின் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேற்று உண்டு. அது எரிந்தபின் பொட்டாசியம் குளோரைட்டாகக் குழலுக்குள் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்து, ஓரிரு நாட்களிலேயே துருவை ஏற்படுத்தும். உப்பு எண்ணெயில் கரையாது. ஆகவே எத்தனை எண்ணெய் பூசினாலும் பயனில்லை. முதலில் தண்ணீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய் பூச வேண்டும். இன்றைய .22 ரவைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆயினும் மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய சோவியத் வகை எஸ்கேஎஸ் துவக்கை வாங்குகிறவர்களுக்கு இது முதற் பாடம். அந்த வகையில் கிரீஸ் போன்ற காப்புப்பசை சுடும் ஊசியின் துளைக்குள்ளும் நிரம்பியிருக்கும். அந்த ஊசி முன்னும் பின்னும் தாராளமாக ஓடவேண்டியது. பசையில் ஒட்டி முன்னால் நீண்டபடி நின்றுவிட்டால், போல்ட் மூடும்போதே விசையைத் தொடாமல் வெடிக்கும், சில வேளை அடுத்தடுத்தும் வெடிக்கும். புதிதாக வாங்கியதைக் கழற்றித் துடைத்தே தீரவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

பூட்டிய பின்னர், ரவை இல்லாத நிலையில் ஒரு சோதனை உண்டு. பாதுகாப்புப் பொத்தானை இட்டு விசையை அழுத்தினால் எதுவும் நடக்கக் கூடாது. எடுத்துவிட்டு அழுத்தினால் ஒரு சொடுக்குச் சத்தம் கேட்கவேண்டும். போல்ட்டை இழுத்து விட்டால் மீண்டும் விசை கொளுவ வேண்டும். இதையும் அளவோடுதான் செய்ய வேண்டும். விளிம்பில் அடிக்கும் வகையான .22 துவக்குகளில், ரவை இல்லாமல் அடிக்கும் ஊசி சிலவற்றில் அறையின் விளிம்பிலேயே மோதிப் பள்ளம் விழுத்திவிடும். எந்த மாதிரியில் அப்படிச் செய்யலாம், எதில் கூடாது என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி ரவை. குழலின் மேல் பொறித்திருக்கும் எழுத்தும், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தும், கோதின் அடியில் பொறித்திருக்கும் எழுத்தும் ஒன்றாக இருக்கவேண்டும். கைக்குப் பொருந்துகிறது, அறைக்குள் போகிறது என்பது அளவுகோல் அன்று. 7.62 என்ற ஒரே எண்ணைக் கொண்ட 7.62×39, 7.62×51, 7.62×54 ஆர் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பதிலாகாத வெவ்வேறு ரவைகள். 5.56 நேட்டோ ரவையும் .223 ரெமிங்ரன் ரவையும் வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். 5.56க்கென்று செய்த அறையில் .223ஐச் சுடலாம்; .223க்கு மட்டுமென்று செய்த அறையில் 5.56ஐச் சுட்டால், அறைக்கு முன்னுள்ள கழுத்துப்பகுதி குறுகியது என்பதால் அழுத்தம் எல்லை மீறக்கூடும். நமது பயிர்க்காவற்காரருக்கு மிக அண்மையிலுள்ள ஆபத்து, 12 போர் சொட்கனுக்குள் தவறுதலாக 20 போர் தோட்டாவைப் போடுவது (போர் என்பது குழலின் அளவு; எண் கூடினால் துளை சிறிது). அது வழுக்கி உள்ளே போய்க் குழலின் நடுவே சிக்கி நிற்கும். அறை வெறுமையாகத் தெரியும். சரியான 12 போர் தோட்டாவை அதன் பின்னால் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துச் சிதறும். 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் இதற்காகவே ஏற்பட்டது. வவுனியா நண்பருக்கு இதைச் சொன்னபோது, தம் வீட்டுப் பெட்டியில் இரண்டு அளவும் கலந்து கிடக்கவில்லையே என்று பார்க்கப் போனார்.

.22 லோங் றைபிள் ரவை 1887ஆம் ஆண்டு முதல் இருப்பது. இதில் தீமூட்டி மருந்து கோதின் அடிவிளிம்பின் உள்மடிப்பில் சுழற்றிப் பரப்பப்பட்டிருக்கும். ஊசி விளிம்பை நசுக்கினால் பற்றும். மருந்து விளிம்பைச் சுற்றி எல்லாப் புறமும் ஒரேயளவாகப் பரவாத ரவை சில வேளைகளில் வெடிக்காமற் போவதுண்டு. இந்த ரவையின் குட்டைச் சகோதரர்களான .22 சோர்ட், .22 லோங் ஆகியவற்றை 10/22 சரியாக ஊட்டாது; .22 மக்னம் அதைவிட அகலமான வேறு ரவை, இந்த அறைக்குரியதன்று. ஆகவே தெரிவு முழுவதும் லோங் றைபிள் என்ற ஒரே குடும்பத்துக்குள்தான். அந்தக் குடும்பத்துக்குள்ளேயே கடைத்தட்டை நிறைக்குமளவுக்கு வகைகள் உண்டு.

வேகமே முதற் பிரிவு. ஒலியின் வேகம் சாதாரண வெப்பநிலையில் செக்கனுக்கு ஏறத்தாழ 1,125 அடி. அதற்குக் குறைந்த வேகத்தில் செல்லும் 40 கிறேன் (2.6 கிராம்) சன்னம் கொண்ட சாதாரண வேக ரவைகள் செக்கனுக்கு 1,070 அடி அளவில் புறப்படுகின்றன. சீசீஐ மினி-மாக் போன்ற உயர்வேக ரவைகள் அதே 40 கிறேன் சன்னத்தை 1,235 அடி வேகத்தில் அனுப்புகின்றன. 32 கிறேன் சன்னத்தை 1,640 அடி வேகத்தில் அனுப்பும் ஸ்ரிங்கர் போன்ற மிகைவேக வகையும் உண்டு. அதன் கோது வழக்கத்தைவிட நீளம் என்பதால், போட்டிகளுக்கென்று இறுக்கமாகக் கடைந்த அறைகளில் அதைப் பாவிக்கக் கூடாது. ஒலியின் வேகத்துக்கு மேலே புறப்படும் சன்னம், தூரம் போகப்போக வேகம் குறைந்து அந்த எல்லையைக் கடக்கும்போது குலுங்கும். 50 மீற்றர் துல்லியப் போட்டிகளில் சுடுவோர் ஒலிக்குக் குறைந்த வேகத்தையே விரும்புவதற்கு அதுவே காரணம். அந்தப் போட்டியில் நடுவட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர்தான், குலுங்கும் சன்னத்துக்கு அங்கே இடமில்லை.

ஆனால் போட்டிக்காரனின் துவக்குப் பெரும்பாலும் கையால் இயக்கும் போல்ட் கொண்டது. அரைத் தானியங்கி வகைக்கு இன்னொரு நிபந்தனை சேர்கிறது: சன்னத்தைச் செலுத்துவதோடு போல்ட்டையும் முழுத் தூரம் பின்தள்ளும் வலு அந்த ரவைக்கு இருக்கவேண்டும். புதிய சுருள்வில் விறைப்பாக இருக்கும், உராயும் முகங்கள் இன்னும் மெருகேறியிரா. இந்த நிலையில் மெதுவான ரவையைப் போட்டால், போல்ட் பாதிவழி போய்த் திரும்பி, வெற்றுக் கோதை வாசலில் நிமிர்ந்து நிற்கவிட்டு நசுக்கும். ஆகவே முதற் பெட்டிகளுக்கு 40 கிறேன் உயர்வேக ரவையே ஏற்றது என்பது என் எண்ணம். விலை குறைந்த மொத்தப் பொதி ரவைகளை முதல் நாளில் தவிர்ப்பதும் நல்லது. அன்றைக்குத் தடை வந்தால் குற்றம் துவக்கிலா ரவையிலா என்று பிரித்தறிய வழியிராது.

சன்னத்தின் வடிவத்தையும் பூச்சையும் பற்றி நீட்டிப் பேச அதிகமில்லை. கடதாசிக் குறிக்கு உருண்டை முனைச் சன்னமே போதும். முனையில் குழி கொண்டவை சிறு விலங்கு வேட்டைக்கு உரியவை. மெழுகு பூசிய வெறும் ஈயச் சன்னமும் செப்பு முலாமிட்ட சன்னமும் இருக்கின்றன. முலாமிட்டது கைக்கும் ரவைக்கூட்டுக்கும் சுத்தம். மெழுகிட்டது அறை வாசலில் மெல்லப் படிந்து, சில நூறு வெடிகளின் பின்னர் ஊட்டலைக் கெடுக்கும்.

சுடும் திடலில் மேசைமேல் மணற்பைகளை அடுக்கி, அதில் துவக்கைக் கிடத்தி, 25 மீற்றரில் தொடங்கினோம். காதுக்கும் கண்ணுக்கும் காப்பு இல்லாமல் எவரையும் உள்ளே விடமாட்டார்கள்; .22தானே என்று அலட்சியமாக இருப்பவர்களுக்கு, அதன் சத்தமும் 140 டெசிபல் அளவை நெருங்கக் கூடியது என்று சொல்லலாம். முதலில் ரவைக்கூட்டில் ஒரேயொரு ரவையைப் போட்டுச் சுட வேண்டும், அதன் பிறகு இரண்டு. இரண்டாவது ரவை, விசையை இரண்டாம் முறை அழுத்தும்வரை காத்திருக்கிறது என்று கண்ட பின்னரே கூட்டை நிரப்ப வேண்டும். வெளியே விழும் கோதுகளைப் பொறுக்கிப் பார்ப்பதிலும் பயனுண்டு. விளிம்பில் ஊசி பதித்த தடம் ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில், செவ்வகமாகத் தெளிவாக இருந்தது. கோதின் உடல் பிளந்தோ வீங்கியோ இருந்தால் அந்த இடத்திலேயே சுடுவதை நிறுத்தியிருப்போம்.

ரவைகளை ஒப்பிடுவதற்குப் பலரும் செய்யும் முறை பிழையானது. ஒவ்வொரு பெட்டியிலும் ஐந்து சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு கட்டுகிறார்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் மெழுகும் வேறு. முன்னைய ரவையின் மெழுகு குழலுக்குள் இருக்கும்போது புதிய ரவையின் முதல் வெடிகள் சிதறும். ஆகவே வகை மாற்றும்போது பத்துப் பதினைந்தைக் கணக்கில் எடுக்காமல் சுட்டுவிட்டு, அதன் பின்னரே ஐந்து ஐந்தாகச் சில கூட்டங்கள் சுட்டு, துளைகளின் அகலத்தைக் கவராயத்தால் அளக்க வேண்டும். ஐந்து துளைகள் எங்கே விழுகின்றன என்பது இந்த நேரத்தில் பொருட்டன்று, அவை ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பதே பொருட்டு. இடத்தை ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) திருகுகள் திருத்திக்கொள்ளும்: கால் நிமிடக் கோணத்துக்கு (நிமிடம் என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஒரு சொடுக்கு என்று அமைந்த ஸ்கோப்பில், 25 மீற்றரில் ஒரு சொடுக்கு ஏறத்தாழ 1.8 மில்லிமீற்றர் நகர்த்தும். ரவையை முடிவு செய்யாமல் ஸ்கோப்பைத் திருத்துவது வீண் வேலை. ரவை மாறினால் விழும் இடமும் மாறும்.

மருமகனின் துவக்கில், சாதாரண வேக ரவையொன்று எல்லாவற்றையும்விட நெருக்கமாகக் குழுமியது; ஆனால் இடையிடையே கோதை வாசலில் சிக்கவிட்டது. உயர்வேக ரவையொன்று சற்று அகலமாகக் குழுமினாலும் ஒருமுறைகூடத் தடைப்படவில்லை. விலை கூடிய போட்டி ரவை இந்தக் குழலுக்கு ஒத்துவரவில்லை. அதே ரவை பக்கத்து மேசைக்காரரின் துவக்கில் அழகாகச் சுட்டதைக் கண்டோம். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் கடைந்த இரண்டு குழல்களுக்குக்கூடத் தெரிவு வேறுபடலாம். இதை விலைப்பட்டியலைப் பார்த்துத் தீர்மானிக்க இயலாது.

புதிய குழலைப் பதப்படுத்துவதற்கென்று, ஒரு வெடிக்கு ஒருமுறை துப்புரவு செய்யும் சடங்கைச் சிலர் வற்புறுத்துவார்கள். வேகமும் வெப்பமும் மிகுந்த பெரிய ரவைகளுக்கு அதனால் பயனுண்டா என்பதிலேயே துப்பாக்கி செய்பவர்களுக்குள் கருத்தொற்றுமை இல்லை. மெதுவான ஈயச் சன்னம் செல்லும் .22க்கு அது வேண்டியதில்லை என்றே கருதுகிறேன்; அளவுக்கு மிஞ்சிய துப்புரவில் தேய்ந்த குழல்வாய்கள்தான் அதிகம்.

விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் என்ன செய்வது என்பதை ஒவ்வொரு புதியவரும் மேசையில் அமர்வதற்கு முன்னரே அறிந்திருக்க வேண்டும். குழல்வாயைக் குறிப்பக்கமே நீட்டிப் பிடித்தபடி ஒரு நிமிடமாவது பொறுத்திருக்க வேண்டும். சில ரவைகள் தாமதித்து வெடிக்கும். அதைவிட ஆபத்தானது, வழக்கமான ஓசை இல்லாமல் மெல்லிய 'பொத்' என்ற சத்தம் மட்டும் வருவது. வெடிமருந்து இல்லாமல் தீமூட்டி மட்டும் எரிந்து, சன்னம் குழலின் நடுவிலேயே நின்றுவிட்டதற்கு அது அடையாளம். அந்த நிலையில் அடுத்த ரவையைச் சுட்டால் குழல் வீங்கும், பிளக்கவும் கூடும். சுடுவதை நிறுத்தி, ரவைகளை அகற்றி, குழலினூடே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே தொடரலாம்.

எங்கிருந்து வந்தது என்று தெரியாத ரவையை எந்தத் துவக்கிலும் போடக்கூடாது. தென்மராட்சியிலும் முகமாலைப் பக்கத்திலும் காணி துப்புரவாக்கும்போது பச்சை ஏறிய பழைய ரவைகள் இன்றும் மண்ணிலிருந்து வெளிவருகின்றன. கண்ணிவெடி அகற்றும் பணியாளர்கள் ஆண்டுக்கணக்காக வேலை செய்தும் முடியாத நிலங்கள் அவை. அவற்றைச் சேர்த்து வைப்பதோ, பழைய இரும்போடு விற்பதோ, பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுப்பதோ வேண்டாம். தொடாமல் அடையாளம் வைத்துவிட்டுப் பொலிசாருக்கு அறிவிப்பதே முறை.

சுட்டு முடிந்த கையோடு, உணவில் கை வைப்பதற்கு முன்னர் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். சன்னத்திலும் தீமூட்டிப் புகையிலும் ஈயம் இருக்கிறது. அன்று மாலையே போல்ட்டின் முகத்தையும் அறையையும் துடைத்து, குழலில் ஒருமுறை கயிறு இழுத்து, வெளிப்புறத்தில் எண்ணெய்த் துணியால் தடவி வைத்தோம். கனடாச் சட்டப்படி துவக்கை ரவையின்றி, விசைப்பூட்டு இட்டோ பூட்டிய அலுமாரிக்குள்ளோ வைக்க வேண்டும். ரவையும் எளிதில் கைக்கு எட்டாதபடியோ பூட்டிய பெட்டிக்குள்ளோ இருக்க வேண்டும். அக்கா வீட்டில் சிறு பிள்ளைகளும் வந்து போவதால், மருமகனிடம் இரண்டு பூட்டின் திறப்புகளையும் ஒரே வளையத்தில் கோக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் ஊர் திரும்பிய பின்னர், அவன் அந்த உயர்வேக ரவையிலேயே ஒரு பெரிய பொதி வாங்கினான். பெட்டிகளின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் தொகுதி இலக்கம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கும்படி சொல்லியிருந்தேன். ஒரே பெயருள்ள ரவையும் தொகுதிக்குத் தொகுதி சற்றே மாறும். சுருள்வில் இளகிய பிறகு சாதாரண வேக ரவையை மறுபடியும் சோதிக்கப் போகிறான். அதற்குள் அங்கே பனிக்காலம் தொடங்கிவிடும் என்பதால், போல்ட்டில் இட்ட எண்ணெயை முழுதாகத் துடைத்துவிட்டுக் குளிரில் இறுகாத வகையை மெல்லியதாகப் பூசிவிட்டுத்தான் திடலுக்குப் போகவேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.